மின்மினியை வைத்து முனைவர் பட்டம் வாங்குவது எப்படி?

ஒரு மரபணு வேலை செய்கிறதா, தூங்குகிறதா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. செல்கள் தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். மருந்து ஊற்றினாலும் அப்படியேதான் கிடக்கும், ஊற்றாவிட்டாலும் அப்படியேதான் கிடக்கும். உள்ளே எது விழித்தது என்று பார்க்க ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கலாம், ஆனால் நம் விரலில் இருக்கும் நொதியே அதைத் தின்று தீர்த்துவிடும். புரதத்தை நேரடியாகப் பார்க்கலாமென்றால் ஆன்டிபாடி வேண்டும். வாங்கி வந்த ஆன்டிபாடியோ, கேட்ட புரதத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றிலும் ஒட்டும். இந்தத் தொல்லையெல்லாம் எனக்கு ஆகாது, திங்கட்கிழமை ஆரம்பித்தால் வெள்ளிக்கிழமை லேப் மீட்டிங்கில் ஒரு பார் கிராஃப் காட்ட வேண்டும் என்று நினைக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்காகவே இந்த யோசனைகள்.

வழி சுலபம்தான். பக்கத்து வீட்டில் மிக்ஸி எப்போது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். ஜன்னல் மூடியிருக்கிறது, சத்தமும் கேட்கவில்லை. அந்த மிக்ஸியின் சுவிட்சைப் போலவே ஒரு சுவிட்சைச் செய்து, அதில் மிக்ஸிக்குப் பதில் ஒரு பல்பை மாட்டி, அதே வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிடுகிறீர்கள். எந்தக் கை மிக்ஸியைப் போடுகிறதோ அதே கை பல்பையும் போடும். மரபணுவுக்கு முன்னால் இருக்கும் டி.என்.ஏ. துண்டு, அதாவது புரோமோட்டர், இங்கே சுவிட்ச். மின்மினிப்பூச்சியின் லூசிஃபெரேஸ் என்ற நொதிக்கான மரபணு, பல்பு. இரண்டையும் ஒரு பிளாஸ்மிட்டில் ஒட்டிச் செல்லுக்குள் நுழைத்து, லூசிஃபெரின் என்ற எரிபொருளை ஊற்றினால் வெளிச்சம் வரும். எவ்வளவு வெளிச்சமோ, சுவிட்ச் அவ்வளவு வேலை செய்திருக்கிறது.

பல்பு எரிந்ததை வைத்துச் சுவிட்ச் போடப்பட்டது என்று சொல்லலாம். சட்னி அரைபட்டது என்று சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் பட்டம் வாங்கப் போகிறவர். தாராளமாகச் சட்னி என்றே எழுதுங்கள். ருசியையும் சேர்த்து எழுதினால் இன்னும் பெரிய இதழில் வரும்.

முதல் வேலை பல்பைத் தேர்ந்தெடுப்பது. பாரம்பரியத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் வட அமெரிக்க மின்மினியான ஃபோட்டினஸ் பைராலிஸைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிடித்துக்கொள்ளுங்கள் என்றால் நிஜமாகவே வலை போட்டுப் பிடித்த காலம் ஒன்று இருந்தது. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் மெக்எல்ராய் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காசு கொடுத்து மின்மினி வாங்கினார். நூறு பூச்சிக்குக் கால் டாலர். சாயங்காலமானால் பிள்ளைகள் பாட்டிலோடு கிளம்பிவிடுவார்கள். அந்தப் பூச்சிகளின் வால் விளக்கை அரைத்து எடுத்த சாறு கொஞ்ச நேரம் ஒளிர்ந்து அணைந்துபோகும். அணைந்த சாற்றில் ஏ.டி.பி.யை ஊற்றினால் மறுபடி பற்றிக்கொள்கிறது என்று 1947இல் அவர் காட்டினார். உயிரினங்களின் செலாவணியான ஏ.டி.பி.தான் இந்த விளக்குக்கும் எண்ணெய். கூடவே மக்னீசியம் வேண்டும், ஆக்சிஜன் வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் இருட்டு என்பதை மனத்தில் வையுங்கள். பின்னால் பழி போட உதவும்.

இன்று பூச்சி பிடிக்கத் தேவையில்லை. 1985இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் டீ வெட், கீத் உட், மார்லீன் டெலூகா, டொனால்ட் ஹெலின்ஸ்கி ஆகியோர் அந்த மரபணுவைப் பிரித்தெடுத்துப் பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். (டெலூகா, மெக்எல்ராயின் மனைவி. குடும்பத் தொழில் என்றே சொல்லலாம்.) அடுத்த வருடமே அதே ஊர்க்காரர்கள் அதைப் புகையிலைச் செடிக்குள் நுழைத்து, லூசிஃபெரின் கலந்த தண்ணீரை ஊற்றி, இருட்டில் செடியைப் படச்சுருளின் மேல் வைத்தார்கள். வேர், தண்டு, இலை நரம்பு எல்லாம் ஒளியால் வரைந்ததுபோல் விழுந்த அந்தப் படம் 1986இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்து உலகம் சுற்றியது. அதைப் பார்த்து, இனித் தெருவிளக்குக்குப் பதில் மரமே நிற்கும் என்று அன்றைக்கே ஆசைப்பட்டவர்கள் உண்டு. உங்கள் ஆராய்ச்சித் திட்டத்தின் முதல் பக்கத்தில் அந்தப் புகையிலையைப் பற்றி ஒரு வரி கட்டாயம் வேண்டும். திட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

புதுமை விரும்பிகளுக்கு வேறு சரக்கும் இருக்கிறது. ரெனில்லா என்ற கடல்வாழ் உயிரியின் லூசிஃபெரேஸ் நீலமாக ஒளிரும், அதற்கு ஏ.டி.பி. வேண்டாம். ஆழ்கடல் இறால் ஒன்றின் நொதியைச் செதுக்கிச் செதுக்கி 2012இல் நானோலக் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மின்மினி நொதியின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, வெளிச்சமோ ஏறக்குறைய 150 மடங்கு. சும்மா கிடக்கும் புரோமோட்டரில் மாட்டினாலும் பளிச்சென்று எரியும். பலவீனமான முடிவை வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல துணை கிடையாது.

ஜெல்லிமீனின் பச்சைப் புரதமான ஜி.எஃப்.பி.யைப் பயன்படுத்தலாமே என்று யாராவது சொல்வார்கள். நோபல் பரிசு வாங்கிய புரதம் (2008), அழகான படம் தரும், எரிபொருளும் ஊற்ற வேண்டாம். ஆனால் அதற்கு வெளியிலிருந்து நீல ஒளியை அடித்தால்தான் பச்சை வரும். அப்படி அடிக்கும்போது செல்லின் மற்றச் சரக்குகளும் சேர்ந்து கொஞ்சம் மினுங்கும். இலையில் பச்சையம் தன் பங்குக்குச் சிவப்பாய் மினுங்கும். மின்மினி நொதிக்கு வெளி வெளிச்சமே வேண்டாம். நம் செல்லுக்குத் தானாக ஒளிரும் பழக்கம் ஏறக்குறைய இல்லை. அதனால் இருட்டறையில் வருவது அத்தனையும் நீங்கள் மாட்டிய பல்பிலிருந்து வந்ததே. அது மட்டுமல்ல. சாதாரண ஜி.எஃப்.பி. செல்லுக்குள் பாதியாகக் குறையவே ஒரு நாளுக்கு மேல் ஆகும். சுவிட்சை அணைத்து மறுநாள் வந்து பார்த்தாலும் பச்சையாகவே உட்கார்ந்திருக்கும். மின்மினி நொதி மூன்று மணி நேரத்தில் பாதியாகிவிடும். மரபணு ஏறியதை இரண்டுமே சொல்லும். இறங்கியதை உரிய நேரத்தில் சொல்வது மின்மினி மட்டும்தான். உங்கள் மரபணு இறங்கியது வெளியே தெரிய வேண்டாமென்றால் ஜி.எஃப்.பி.யையே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, சுவிட்சை எவ்வளவு நீளம் வெட்டுவது? இதற்கு ஓர் எழுதாத சட்டம் இருக்கிறது: மரபணு தொடங்கும் இடத்துக்கு முன்னால் 2,000 எழுத்து. ஏன் 2,000? போன மாணவர் 2,000 வெட்டினார். அவருக்கு முந்தைய சீனியர் அக்காவும் 2,000தான். பி.சி.ஆர். இயந்திரம் அந்த நீளத்தைச் சிரமமில்லாமல் படியெடுக்கும் என்பதும் ஒரு காரணம். மரபணுவை இயக்கும் துண்டு வேறெங்காவது இருந்தால் என்ன செய்வது என்று கேட்காதீர்கள். கை கால் விரல்கள் சரியாக முளைக்கக் காரணமான சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணுவை வளரும் கை கால்களில் இயக்கும் துண்டு, அந்த மரபணுவிலிருந்து ஏறத்தாழ பத்து லட்சம் எழுத்துத் தள்ளி, வேறொரு மரபணுவின் நடுவே உட்கார்ந்திருக்கிறது. அதில் ஓர் எழுத்து மாறினாலே குழந்தைக்கு ஆறு விரல் வரலாம். அந்த மாதிரி மரபணுவை எடுத்து 2,000 எழுத்து வெட்டி வைத்தால் பல்பு எரியாது; எரியவில்லை என்பதையே கண்டுபிடிப்பாக எழுதலாம். ‘இந்தப் புரோமோட்டர் இந்தச் செல்லில் இயங்குவதில்லை’ என்ற வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை அல்லவா?

இன்னொரு சங்கதி, சொந்த வீட்டில் அந்த டி.என்.ஏ. ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றிச் சுருண்டு, மெத்தில் முத்திரை குத்தப்பட்டு, பாதி மூடியிருக்கும். பிளாஸ்மிட்டில் அது கிட்டத்தட்ட வெறுமேனியாக, அதுவும் ஒரு செல்லில் நூற்றுக்கணக்கில் நுழைந்திருக்கும். சொந்த மரபணுவுக்கு இரண்டே பிரதி. இதையெல்லாம் ஆய்வேட்டின் ‘வரம்புகள்’ பகுதியில் ஒரு பத்தியாக, மிகச் சிறிய எழுத்தில் எழுதிவிட்டு நகருங்கள்.

இனிச் செல்லுக்குள் அனுப்புவது. கொழுப்புத் துளிக்குள் பிளாஸ்மிட்டைப் பொதிந்து செல்லின் மேல் தூவுவார்கள். ஒரு குழியில் பத்தில் எட்டு செல் வாங்கிக்கொள்ளும், பக்கத்துக் குழியில் பத்தில் இரண்டுதான். ஆக, வெளிச்சம் கூடியது மரபணுவாலா, உள்ளே போன சரக்கு கூடியதாலா என்று தெரியாது. இதற்காகத்தான் இரட்டை விளக்கு முறை. மின்மினி பல்பு உங்கள் புரோமோட்டரில். ரெனில்லா பல்பு எப்போதும் எரியும் ஒரு பொதுச் சுவிட்சில். ஒரே சாற்றில் முதலில் மின்மினிக்கு எரிபொருளை ஊற்றி அளந்து, அதை அணைத்துவிட்டு, ரெனில்லாவுக்கு ஊற்றி அளந்து, முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும்.

வகுத்தல் என்ற இடத்தில்தான் கைப்பக்குவம் வேண்டும். கொஞ்சம் நின்று கவனியுங்கள். மருந்து இல்லாத குழியில் மின்மினி 10,000, ரெனில்லா 1,000. விகிதம் 10. மருந்து போட்ட குழியில் மின்மினி அதே 10,000. ஆனால் ரெனில்லா 250ஆக இறங்கிவிட்டது. விகிதம் 40. ஆஹா, நான்கு மடங்கு! உங்கள் மரபணு இம்மியும் அசையவில்லை. எப்போதும் எரியும் என்று நம்பப்பட்ட பொதுச் சுவிட்சைத்தான் மருந்து அணைத்திருக்கிறது. இதற்கு வாய்ப்பு நிறைய உண்டு. பொதுச் சுவிட்சாக வைப்பவை பெரும்பாலும் வைரஸ்களிடமிருந்து இரவல் வாங்கியவை. வைரஸ்கள் செல்லின் ஒவ்வொரு பதற்றத்துக்கும் துள்ளப் பழகியவை. ஸ்டீராய்டு போட்டால் ஆடும், வளர்ச்சி ஊக்கி போட்டால் ஆடும். ஆகவே கட்டுரையில் விகிதத்தை மட்டும் அச்சிடுங்கள். மேலே உள்ள எண்ணையும் கீழே உள்ள எண்ணையும் தனித்தனியாகக் கேட்கும் ரெஃபரி வந்தால், பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று சொல்லலாம். அந்த ஒரு காரணம் எந்தக் காலத்திலும் செல்லும்.

லூசிஃபெரின் வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வெளிர் மஞ்சள் தூள். ஈரமும் வெளிச்சமும் அதற்கு ஆகாது. உறைகுளிரில் வைக்க வேண்டும். இண்டென்ட் போட்டு, மூன்று கொட்டேஷன் வாங்கி, நிதி ஒப்புதல் வந்து, கப்பலோ விமானமோ ஏறி, சுங்கத்தில் நின்று அது உங்கள் கைக்கு வரும்போது பெட்டிக்குள் டிரை ஐஸ் இருந்ததற்கான அடையாளம் மட்டும் இருக்கும். கலங்க வேண்டாம். பாதி செத்த லூசிஃபெரினிலும் வெளிச்சம் வரும். எல்லாக் குழியிலும் ஒரே மாதிரிக் குறையும் என்று நம்பிக்கொள்ளுங்கள். நானோலக்கோ ரெனில்லாவோ பயன்படுத்துபவர்களின் எரிபொருள் வேறு வகை; அது காற்றுப் பட்டாலே, நொதியே இல்லாமல், தானாகக் கொஞ்சம் ஒளிரும். வெறும் குழியிலும் வெளிச்சம் வருவதைப் பார்த்துச் சாமி வந்ததுபோல் ஆடவேண்டாம்.

அளக்கும் நாளுக்கு வருவோம். 96 குழி கொண்ட வெள்ளைத் தட்டை எடுங்கள். கறுப்புத் தட்டு ஜி.எஃப்.பி.காரர்களுக்கு, அது சிதறும் ஒளியை விழுங்கும். வெள்ளைத் தட்டு ஒளியை மேலே திருப்பி அனுப்பும்; நமக்கு வேண்டியது அதுதான். என்ன, இந்த வெள்ளை பிளாஸ்டிக் டியூப்லைட் வெளிச்சத்தைக் குடித்து வைத்துக்கொண்டு, இருட்டில் கொஞ்ச நேரம் தானே மினுங்கும். அதனால் இயந்திரத்துக்குள் வைத்ததும் சில நிமிடம் இருட்டில் ஊறவிட வேண்டும். உங்களுக்குத்தான் நேரமில்லையே, உடனே பொத்தானை அமுக்குங்கள். முதல் வரிசைக் குழிகளில் எப்போதும் எண் கூடுதலாக வரும். உங்களுக்குப் பிடித்த மாதிரியை அங்கே வையுங்கள்.

செல்களை உடைத்து எடுத்த சாறு 20 மைக்ரோலிட்டர். அதன்மேல் 100 மைக்ரோலிட்டர் ரீஏஜென்ட். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ரீஏஜென்ட் அறைச் சூட்டுக்கு வந்த பிறகே ஊற்ற வேண்டும். நொதிக்குக் குளிர் ஆகாது. பைப்பெட் முனையைக் குழியின் சுவரில் சாய்த்து, குமிழி வராமல் இறக்க வேண்டும். ஊற்றிய நொடியில் எரிய ஆரம்பித்துவிடும். பழைய ரீஏஜென்ட்டாக இருந்தால் கண் இமைப்பதற்குள் உச்சம் தொட்டுச் சரிந்துவிடும். கோஎன்சைம் ஏ கலந்த புதியது நிமிடக்கணக்கில் நின்று எரியும். ஆனால் என்ன நின்று எரிந்தாலும் முதல் குழிக்கும் 96ஆவது குழிக்கும் நடுவே நீங்கள் கையால் ஊற்றிய நேரம் ஓடியிருக்கும். மருந்து போட்ட குழிகளைக் கடைசியில் ஊற்றி, உடனே அளந்தால் அவை பிரகாசமாகத் தெரியும். தற்செயல்போல் வைத்துக்கொள்ளுங்கள்.

திரையில் எண்கள் வரும். 48,213, 51,007, 3,12,664. அலகு என்ன? ஆர்.எல்.யூ. சார்பு ஒளி அலகு. எதற்குச் சார்பு என்றால் அந்த இயந்திரத்துக்கு, அன்றைய தினத்துக்கு. பக்கத்துக் கட்டடத்து இயந்திரத்தில் அதே தட்டை வைத்தால் வேறு எண் வரும். இது குறை என்று பார்ப்பவர்கள் பார்க்கட்டும். யாராலும் மறுக்க முடியாத எண் என்பது எவ்வளவு பெரிய சௌகரியம்! ஒளியை அளப்பதே அவ்வளவு லேசான காரியம் இல்லை என்பதற்கு மின்மினியே சாட்சி. நூறு லூசிஃபெரின் மூலக்கூறு எரிந்தால் 88 ஒளித்துகள் வரும் என்று 1960இல் மெக்எல்ராயின் குழு அளந்து சொன்னது. பாடப்புத்தகங்கள் அதை ஏறக்குறைய அரை நூற்றாண்டு சொல்லிக்கொண்டிருந்தன. 2008இல் ஜப்பானியர்கள் மறுபடி அளந்தார்கள்: 41. அரை நூற்றாண்டுக் காலம் மின்மினி தன்பாட்டுக்குப் பறந்துகொண்டிருந்தது.

மூன்று குழி, மூன்று எண், மேலே ஒரு பிழைக்கோடு. ஒரே ஃபிளாஸ்கிலிருந்து ஒரே நாளில் ஊற்றிய மூன்று குழியை மூன்று சோதனை என்று எழுதினால் பிழைக்கோடு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாகும். மூன்று வெவ்வேறு வாரம், மூன்று வெவ்வேறு செல் சரக்கு என்று செய்தால் பிழைக்கோடு தென்னை மரம்போல் வளரும். எதை அச்சிட அழகாக இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் ஒழுங்காக வந்து, பல்பு பிரகாசமாக எரிகிறது என்று வையுங்கள். இப்போதுதான் பெரிய வாய்ப்பு கதவைத் தட்டுகிறது: மருந்து கண்டுபிடிப்பது. இதற்கு ஓர் உதாரணம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மின்மினியின் வரலாற்றிலேயே ருசியான கதை அதுதான்.

சில பரம்பரை நோய்களில் மரபணுவின் நடுவே ‘நிறுத்து’ என்ற குறி தவறாக விழுந்துவிடும். புரதம் பாதியில் நின்றுபோகும். அந்தக் குறியைத் தாண்டிப் படிக்கவைக்கும் மருந்து வேண்டும். நியூ ஜெர்சியில் ஒரு நிறுவனம் மின்மினி நொதியின் மரபணுவுக்குள்ளேயே அப்படி ஒரு ‘நிறுத்து’ குறியை வைத்தது. பாதி நொதி எரியாது. எந்த மருந்து குறியைத் தாண்டவைக்கிறதோ அதைப் போட்ட குழி எரியும். ஏறத்தாழ 8 லட்சம் வேதிப்பொருள்களைப் போட்டுப் பார்த்து, எரியவைத்தவற்றிலிருந்து செதுக்கி எடுத்தது பி.டி.சி.124. 2007இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது.

இரண்டு வருடம் கழித்து அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு சின்னக் கேள்வி கேட்டார்கள். மின்மினியை எடுத்துவிட்டு ரெனில்லாவை வைத்தால்? எரியவில்லை. பிறகு உள்ளே நுழைந்து பார்த்தபோது தெரிந்தது, அந்த மருந்து மின்மினி நொதியைப் போய்க் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. தடுக்கும் பொருள் என்றால் வெளிச்சம் குறைய வேண்டுமே? அங்கேதான் வேடிக்கை. பிடிபட்ட நொதி செல்லுக்குள் சிதையாமல் பிழைத்துக்கொள்கிறது. மூன்று மணி நேரத்தில் பாதியாக வேண்டியது அழியாமல் சேர்ந்துகொண்டே போகிறது. கடைசியில் செல்லை உடைத்து, லூசிஃபெரினைத் தாராளமாக ஊற்றும்போது பிடி விடுபட்டு, சேர்ந்து கிடந்த நொதி அத்தனையும் ஒன்றாய் எரிகிறது. மருந்து ‘நிறுத்து’ குறியைத் தாண்டவைத்ததா என்பதை இந்த வெளிச்சத்தை வைத்துச் சொல்ல முடியாது. பல்பை ஆயுள் கூட்டி எரியவைக்கிறது என்பதை மட்டும் சொல்லலாம். நிறுவனம் இதை ஏற்கவில்லை. வேறு சோதனைகளிலும் பலன் தெரிகிறது என்றது. அந்த மருந்து அட்டாலூரென் என்ற பெயரில், டூஷென் தசைச்சிதைவு நோய்க்காக 2014இல் ஐரோப்பாவில் நிபந்தனையோடு அனுமதியும் பெற்றது. அப்போதும் வாதம் முடியவில்லை.

அதனால் உங்கள் மருந்தை ஒருபோதும் வேறு விளக்கில் சோதிக்காதீர்கள். திராட்சைத் தோலில் இருக்கும் ரெஸ்வெரட்ரால்கூட மின்மினி நொதியை நேரடியாக மடக்கும். அதைப் போட்டு வெளிச்சம் குறைந்ததும் புற்றுநோய் மரபணு அடங்கிவிட்டது என்று எழுத ஒரு நிமிடம் போதும். மருந்தை வெறும் நொதியின் மேல் ஊற்றிப் பார்ப்பதற்கு அரை மணி நேரம் ஆகும். அரை மணி நேரம் என்பது சின்ன விஷயமா?

இதற்கெல்லாம் நேர்மாறான ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துக் கெட்டுப்போக வேண்டாம் என்பதற்காகச் சொல்லி வைக்கிறேன். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் கேயும் ஆண்ட்ரூ மில்லரும் அரபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் சின்னச் செடியை எடுத்துக்கொண்டார்கள். பகலில் ஏறி இரவில் இறங்கும் சி.ஏ.பி. என்ற மரபணுவின் சுவிட்சில் மின்மினி பல்பை மாட்டினார்கள். செடியில் ஒரு சிக்கல் இருந்தது. லூசிஃபெரின் படாத நொதி அழியாமல் நாள் கணக்கில் சேர்ந்துகிடக்கும். முதல் தடவை தெளித்ததும் பழைய பாக்கியெல்லாம் சேர்ந்து குபீரென்று எரியும். அதை வைத்து ‘இப்போது’ என்ன நடக்கிறது என்று சொல்ல முடியாது. அவர்கள் முதல் தெளிப்பு வெளிச்சத்தைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. முன்கூட்டியே தெளித்து, பழைய நொதியை எரித்துத் தீர்த்துவிட்டு, அதன்பிறகு புதிதாய் உண்டாகும் நொதியின் ஒளியை மட்டும் எண்ணினார்கள். நீங்களாக இருந்தால் அந்தக் குபீரையே படம்பிடித்து அட்டைப்படத்துக்கு அனுப்பியிருப்பீர்கள்.

பிறகு நாற்றுகளை ஒரே சீரான வெளிச்சத்தில் வைத்தார்கள். அவ்வப்போது வெளிச்சத்தை அணைத்து, இருட்டில் கேமராவால் சில நிமிடம் எடுத்து, மறுபடி வெளிச்சம். பகலும் இல்லை, இரவும் இல்லை. ஆனாலும் நாற்றின் ஒளி ஒரு நாளுக்கு ஒரு முறை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. செடிக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. இலையைக் கிள்ளாமல், அரைக்காமல், உயிரோடு வைத்தே அதன் முள்ளைப் பார்க்கிறார்கள். ஆயிரக்கணக்கான நாற்றில் எது தப்பான நேரம் காட்டுகிறது என்று தேடினார்கள். ஒன்று 24 மணி நேரத்துக்குப் பதில் 21 மணி நேரத்துக்கு ஒரு தடவை ஏறி இறங்கியது. 1995இல் வந்த அந்தக் கட்டுரையிலிருந்துதான் டி.ஓ.சி.1 என்ற கடிகார மரபணுவின் கதை தொடங்குகிறது. அதற்குப் பிறகு ஈ, எலி எல்லாவற்றுக்கும் அதே பல்பை மாட்டிவிட்டார்கள். தட்டில் கிடக்கும் எலியின் மூளைத் துண்டு நாள்தோறும் நேரம் தவறாமல் ஏறி இறங்குவதை இன்று எந்த மாணவரும் பார்க்கலாம். ஆனால் இதற்கு வாரக்கணக்கில் இருட்டறையும், மின்சாரம் போகாத ஊரும், கேமராவைத் தொந்தரவு செய்யாத நண்பர்களும் வேண்டும். ஃபெல்லோஷிப் காலமோ ஐந்தே வருடம்.

இன்னொரு கூட்டம் நியூயார்க்கில். வில்லியம் ஜேக்கப்ஸின் குழு காசநோய்க் கிருமியைத் தாக்கும் வைரஸுக்குள் மின்மினி மரபணுவை வைத்து, 1993இல் வெளியிட்டது. காசநோய்க் கிருமி தட்டில் வளர்ந்து கண்ணுக்குத் தெரியவே வாரங்கள் ஆகும். எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று தெரிவதற்குள் நோயாளி பாதியாகிவிடுவார். வைரஸ் நுழைந்த கிருமி உயிரோடு இருந்தால் ஏ.டி.பி. இருக்கும், ஏ.டி.பி. இருந்தால் எரியும். மருந்து வேலை செய்தால் இருட்டு. சென்னைச் சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்திலும் இதே வழியில் ஒளிரும் வைரஸ்களை உருவாக்கிச் சோதித்திருக்கிறார்கள். கவனியுங்கள், இங்கே யாரும் சட்னியைப் பற்றிப் பேசவில்லை. பல்பு எரிகிறதா, வீட்டில் ஆள் உயிரோடு இருக்கிறாரா, அவ்வளவுதான் கேள்வி. கேள்வி சின்னதாக இருந்ததால் பதில் நம்பும்படி வந்தது. இது உங்களுக்கு உதவாது. சின்னக் கேள்வியை வைத்துக்கொண்டு பெரிய நிதி கேட்க முடியாது.

எலியில் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு வரி: வெள்ளை எலி வாங்குங்கள். கறுப்பு எலியின் தோலும் ரோமமும் ஒளியை விழுங்கிவிடும்; சவரம் செய்து மாளாது.

ஆய்வேடு எழுதும்போது மூன்று இடத்தில் கவனம் வேண்டும். முதலாவது, ஒய் அச்சு. பூஜ்ஜியத்தில் ஆரம்பிக்காமல் 0.9இல் ஆரம்பித்தால் பத்து சதவீத உயர்வும் எல்.ஐ.சி. கட்டடம்போல் நிற்கும். இரண்டாவது, புரோமோட்டர் இல்லாத வெற்றுப் பிளாஸ்மிட். பழைய பிளாஸ்மிட்களின் உடம்பிலேயே, யாரும் வைக்காத சுவிட்சுகள் ஒளிந்திருந்து, மருந்து பட்டதும் பல்பைப் போட்டுவிடும். அவற்றைத் தேடித்தேடி நீக்கிய புதிய பிளாஸ்மிட்கள் பல வருடமாகக் கிடைக்கின்றன. உங்கள் லேபில் இருப்பது எந்தக் காலத்துச் சரக்கு என்று குப்பியின் மேல் ஒட்டிய டேப்பைப் படித்துப் பார்க்காதீர்கள். மூன்றாவது, சொந்த மரபணுவின் ஆர்.என்.ஏ.வும் கூடியதா என்ற கேள்வி. முதல் பத்தியில் எதற்குப் பயந்து ஓடினோமோ அதையே கடைசியில் செய்யச் சொல்வார்கள். ‘எதிர்கால ஆய்வு’ என்ற தலைப்பு அதற்காகத்தான் இருக்கிறது.

வைவா அன்று வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மெதுவாகக் கேட்பார்: ‘சுவிட்சைப் போடும் புரதம் உட்காருகிற இடம் என்று ஆறு எழுத்தைக் காட்டுகிறீர்களே, அந்த ஆறு எழுத்தை மாற்றிவிட்டுப் பார்த்தீர்களா? பல்பு அணைந்ததா?’ பார்த்திருந்தால் அந்த ஸ்லைடை எடுங்கள். அரங்கில் மற்ற எல்லாப் படத்தையும்விட அதற்குத்தான் மதிப்பு. பார்க்கவில்லையென்றால் நேராகக் கைடின் முகத்தைப் பாருங்கள். அவர் கடிகாரத்தைப் பார்ப்பார். சமோசாவும் டீயும் வந்துவிட்டதாக யாராவது வந்து சொல்வார்கள். எக்ஸாமினருக்கு ஐந்தரை மணிக்கு ரயில்.